கேட்காமல் எழுதிய நானூற்று நாற்பத்தொரு பாட்டு

இப்போது ஒரு பொருளைக் கைப்பற்றப் போகிற போலீஸ்காரரிடம் பேனா இருக்கிறதோ இல்லையோ, வீடியோ எடுக்க போன் இருக்க வேண்டும். புதிய சட்டம் அப்படிச் சொல்லுகிறது. உள்ளே நுழைவதில் தொடங்கி அரக்கு முத்திரை வைப்பது வரைக்கும் எல்லாம் படமாக வேண்டும். போன மாதம் தென்காசியில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு இளம் சப் இன்ஸ்பெக்டர், "ஐயா, உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுல்லா? மனசுல பட்டத எழுதிட்டுப் போயிருப்பீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மனதில் பட்டதை எழுதிவிட்டுப் போன ஆள்தான் நான். அது என்ன கதை என்று அவர் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் போலீஸில் சேர்ந்த புதிதில் எல்லாரையும் போல ஓடினேன், தவழ்ந்தேன், துப்பாக்கி சுட்டேன். பிறகு அதில் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. சுடலைமுத்துவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று ஒரு அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். அன்றோடு என் ஓட்டம் நின்று, நாற்காலி ஆரம்பமானது. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் எழுத்து வேலைதான். ஏட்டு ஆன பிறகு, திருட்டு சி.டி. பிடிப்பதற்கென்று போட்டிருந்த ஒரு சின்னப் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு சப் இன்ஸ்பெக்டர், மூன்று கான்ஸ்டபிள், நான், ஒரு ஜீப். அலுவலகம் தென்காசியில்.

எங்கள் வேலை பெரும்பாலும் குற்றாலத்தில் சீசன் நேரத்தில்தான். சாரல் விழ ஆரம்பித்தால் அருவிக்குப் போகிற வழியெல்லாம் பலாச்சுளை, நேந்திரங்காய் சிப்ஸ், துண்டு, ஜட்டி என்று கடை விரித்துவிடுவார்கள். நடுநடுவே தார்ப்பாய்க்கு அடியில் சி.டி. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. நாங்கள் போய் இறங்கினால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள், மீதிப்பேர் காலில் விழுவார்கள். ஊர்க்காரர்கள் எங்களைத்தான் முறைப்பார்கள். "பாட்டுக் கேக்கறது ஒரு குத்தமாய்யா?" என்பார்கள்.

குற்றம்தான் என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு வில்லிசைக்காரர். தான் பாடி, சொந்தமாக வெளியிட்ட கதைப்பாட்டு சி.டி.யைத் திருட்டுக் காப்பியாக ஐந்தருவி ரோட்டில் வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "என் பாட்ட நானே காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன் ஏட்டையா. குரல் என்னது, அட்டையில உள்ள படமும் என்னது. வித்தவன் மட்டும்தான் எவனோ" என்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு காலில் விழுகிறவனைப் பார்த்து நான் அவ்வளவாக இளகியதில்லை.

சி.டி. பிடிப்பதில் ஒரு முறை உண்டு. என்ன பொருள், எந்த இடத்தில், எத்தனை என்று இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதுகிற காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். எண்ணினால் மட்டும் போதாது. தட்டில் பாட்டுதான் இருக்கிறதா, காலித் தட்டா என்று பார்க்க வேண்டும். ஜீப்பில் ஒரு சின்ன பிளேயர் வைத்திருந்தோம். பத்துக்கு ஒன்று எடுத்துப் போட்டுக் கேட்போம். பிறகு மகஜரில், "மேற்படி தட்டுகள் சாட்சிகள் முன்னிலையில் ஒலிக்கச் செய்து கேட்கப்பட்டு, பதிப்புரிமை பெற்ற திரைப்படப் பாடல்கள் என உறுதி செய்யப்பட்டது" என்று எழுதுவேன். நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருப்பேன். கடைசியில் கை தானாக எழுதும், மனசு மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் தேவசகாயம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போலீஸில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் எல்லாரும் ஏமாளி என்று நினைப்பார்கள், நானும் நினைத்தேன். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து நின்று, சர்ச்சில் வசனம் வாசிக்கிற மாதிரி முழுவதையும் வாய்விட்டு வாசிப்பார். ஒரு இடத்தில் குரல் நின்றால் அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். "சுடலைமுத்து, இன்னொரு மட்டம் நீங்க வாசிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெந்நீர் குடிப்பார். அந்த வெந்நீர் டம்ளரைக் கண்டாலே எனக்கு வேர்க்கும். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தட்டு வியாபாரம் படுத்தது. பாட்டு கம்பி வழியாகப் போக ஆரம்பித்துவிட்டது.

தென்காசியில் ஜெயபால் அண்ணாச்சி என்று ஒருவர் கேபிள் டி.வி.யோடு சேர்த்து இன்டர்நெட்டும் கொடுத்துவந்தார். மேலகரம், இலஞ்சி, குற்றாலம், இந்தப் பக்கம் பாவூர்சத்திரம், கீழப்பாவூர் வரைக்கும் அவர் கம்பிதான். வெளியுலக இன்டர்நெட் அப்போது ஆமை வேகம். ஆனால் அவருடைய கம்பிக்குள்ளேயே ஒரு வீட்டு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு வீட்டு கம்ப்யூட்டருக்குக் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அதற்காக ஒரு பொது இடம் மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். ஹப் என்பார்கள். அதில் சேர்ந்தவன் தன் கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும், எல்லாரிடமும் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். சும்மா வந்து அள்ளிக்கொண்டு போகிறவனை அண்ணாச்சி விடமாட்டார். குறைந்தது ஐந்து ஜி.பி. அளவுக்குப் பாட்டோ படமோ பகிர்ந்தால்தான் உள்ளே அனுமதி. குப்பையைக் கொட்டிக் கணக்குக் காட்டுகிறவனைப் பட்டியலைப் பார்த்து வெளியே தள்ளிவிடுவார். திருட்டுக்கு உள்ளே ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்!

பாட்டு வெளியிடுகிற சென்னைக் கம்பெனி ஒன்று அவருக்கு இரண்டு முறை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. "பாட்டு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. ஜனங்க வீட்டுல இருக்கு. நான் ரோடு போட்டவன். ரோட்டுல எவன் என்னத்தக் கொண்டுபோனா எனக்கென்ன?" என்று பதில் எழுதினார். கம்பெனி எங்களிடம் புகார் கொடுத்தது. கம்பெனியின் பிரதிநிதியாக மோகன்ராஜ் என்பவர் சென்னையில் இருந்து வந்தார். நல்ல சீசன் நேரம். குற்றாலத்தில் ரூம் எடுத்துக்கொண்டு காலையில் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் எண்ணெய் வாசனையுமாகத்தான் அலுவலகத்துக்கு வருவார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜெயபால் அண்ணாச்சி அலுவலகத்தில் நுழைந்தோம். நோட்டீஸுக்கு அவ்வளவு தெனாவட்டாகப் பதில் போட்டவர், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நடுங்கிப்போனார். "யார்ட்ட இருந்து ரொம்பப் பேர் எடுக்கறாங்க, அந்த லிஸ்ட குடுங்க" என்று மோகன்ராஜ் கேட்டதும் மூன்று பேர் முகவரியை அச்சடித்துக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டும் மேலகரத்தில், மூன்றாவது கீழப்பாவூரில். அந்த மூன்றாவது முகவரியில் இருந்துதான் ஊர் முழுக்க அதிகமாக எடுத்திருந்தார்கள்.

கீழப்பாவூருக்கு நாங்கள் போனபோது மணி மூன்று இருக்கும். பட்டறை மாதிரி ஏதோ இருக்கப் போகிறது என்று எதிர்பார்த்துப் போனால், ஓட்டு வீட்டில் ஒரு பெண் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் முப்பிடாதி. வயது இருபத்தாறு, இருபத்தேழு. பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர் மூடியபோது தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இருந்தது. திறந்தால், எல்லாம் புதுப் படப் பாட்டுகளின் பெயர். வரிசையாக நானூற்று நாற்பத்தொன்று.

"சார், அதெல்லாம் பாட்டு இல்ல சார்" என்றாள்.

"பேர பாத்தாலே தெரியுதே, பெறவு என்ன?" என்றேன் நான்.

"பேருதான் சார் அது. உள்ள வேற."

மோகன்ராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன். பிடிபடுகிறவர்கள் சொல்லுவதற்கு எத்தனையோ உண்டு, இது புதுசாக இருந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. ஜீப்பில் இருந்த பிளேயரில் தட்டுதான் ஓடும். அவள் காதில் இருந்த இயர்போனை வாங்கி மாட்டிக் கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. எனக்குத் தோன்றவில்லை. நானூற்று நாற்பத்தொரு பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதவே இரண்டரை மணி நேரம் ஆனது. அதன் கீழே கை தானாக எழுதியது: சாட்சிகள் முன்னிலையில் ஒலிக்கச் செய்து கேட்கப்பட்டு, திரைப்படப் பாடல்கள் என உறுதி செய்யப்பட்டது. கிராம உதவியாளரும் எதிர்வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு அன்று மாலை குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. ஜீப் கிளம்புகிற அவசரத்தில், என் வேலை காலத்திலேயே அந்த ஒரு காகிதத்தை மட்டும் அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பெண் என்பதால் கைது இல்லை. வழக்கில் ஜெயபால் அண்ணாச்சி முதல் பெயர், முப்பிடாதி கடைசிப் பெயர். கம்ப்யூட்டரைத் துணியில் கட்டி, அரக்கு வைத்து, கோர்ட்டில் ஒப்படைத்தாயிற்று. அதற்குள் செய்தி பரவிவிட்டது. தென்காசி வட்டாரத்தில் அந்த வாரம் யார் கம்ப்யூட்டரிலும் ஒரு பாட்டு மிஞ்சவில்லை. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். எங்களுக்குப் பெரிய வெற்றி என்று பேசிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து முப்பிடாதி அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு பாலிதீன் பையில் காகிதங்களும் ஒரு சின்ன எம்.பி.த்ரீ பிளேயரும் வைத்திருந்தாள்.

"ஏட்டையா, நான் குரூப் ஃபோர் பாஸ் பண்ணிட்டேன். கவுன்சிலிங் முடிஞ்சு ஜூனியர் அசிஸ்டென்ட் எடுத்திருக்கேன். போலீஸ் வெரிஃபிகேஷன் இந்த மாசம் வருது. கேஸ் இருக்குன்னு எழுதுனா வேலை போயிரும்."

"கோர்ட்ல சொல்லுங்கம்மா. இங்கன ஒண்ணும் செய்ய முடியாது."

"கோர்ட்டுக்கு வருசமாகும்லா. இத ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க ஏட்டையா. நாலே நாலு இதுல மிச்சம் இருக்கு."

பிளேயரின் சின்னத் திரையில் ஒரு படப்பாட்டின் பெயர் ஓடியது. வேண்டா வெறுப்பாகக் காதில் வைத்தேன். "பாண்டியர்களின் துறைமுகம் எது? கொற்கை. எதற்குப் பெயர் பெற்றது? முத்துக் குளித்தலுக்கு" என்று ஒரு பெண்குரல் வாசித்தது. எதிரே நின்றவளின் குரல்.

அவள் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன். பீடி சுற்றுகிறவளுக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் பாடம் முழுவதையும் தன் குரலிலேயே வாசித்துப் பதிந்து, சுற்றச் சுற்றக் கேட்டுப் படித்தாள். ஹப்பில் யாரோ பழைய கேள்வித்தாள்களை எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். அது வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போக ஐந்து ஜி.பி. வேண்டும். இவளிடம் இருந்தது பாடம்தான். பாடத்தின் பெயரிலேயே போட்டாள். குப்பை என்று ஜெயபால் அண்ணாச்சி ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிட்டார். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டுப் பெயரை வைத்து மறுபடியும் சேர்ந்தாள். பாட்டென்று நினைத்து எடுத்தவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்து, அவர்கள் தேடி வந்து எடுக்க ஆரம்பித்தார்கள். ஊரிலேயே அதிகமாக எடுத்தது அவளிடம் இருந்துதான் என்று வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்ஸ்பெக்டர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பிளேயரை வாங்கி அவரும் கேட்டார். பிறகு கோப்பை எடுத்து, எழுந்து நின்று, பத்து நாள் பிந்தி அந்த மகஜரை வாய்விட்டு வாசித்தார். 'ஒலிக்கச் செய்து' என்ற இடத்தில் குரல் நின்றது.

"ஒலிச்சுதா சுடலைமுத்து?"

"இல்ல சார்."

"சரி. ஒலிக்கலைன்னு எழுதிக் குடுங்க. கோர்ட்டுக்கு அனுப்புவோம்."

அவளை அனுப்பிவிட்டு அவரிடம் கெஞ்சினேன். அந்த வருஷம் சிறப்பு உதவி ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பொய்யாக எழுதினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் பட்டியலோடு போகாது, பழைய மகஜர்கள் எல்லாவற்றையும் வக்கீல்கள் தோண்டுவார்கள். "அப்படியே விட்டிருவோம் சார், கோர்ட்லயே அவ தப்பிச்சிருவா" என்றேன். அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த மகஜர்ல என் கையெழுத்தும் இருக்கு. வாசிக்காம போட்டேன். நீங்க எழுதினா எனக்கும்தான் மெமோ வரும். நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன். ஆனா உங்க எழுத்துல வந்தாத்தான் அந்தப் பிள்ளைக்கு உதவும்."

மூன்று நாள் அந்த வெள்ளைத்தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அலைந்தேன். பயம்தான், வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை. நாலாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் உட்கார்ந்து எழுதினேன். "மேற்படி மகஜரில் கோப்புகள் ஒலிக்கச் செய்து கேட்கப்பட்டதாக நான் எழுதியது உண்மையல்ல. ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. பெயரை மட்டும் பார்த்து எழுதினேன்." மூன்றே வரி. அச்சு மாதிரி வருகிற என் கையெழுத்து அன்று கோழி கிளறினது போல இருந்தது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு, முத்திரையை உடைத்து எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை தரச் சொல்லி உத்தரவிட்டார். கம்பெனிப் பிரதிநிதியும் முப்பிடாதியும் கூடவே இருக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டு இருந்தாலும் வழக்கில் அவள் பெயர் நிற்கும், அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பதினோரு நாள் கேட்டோம். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை வரைக்கும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். ஓட்டிவிட்டுக் கேட்கலாம் என்றார் மோகன்ராஜ். "முழுசா" என்றார் இன்ஸ்பெக்டர். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே முகவுரை, அடிப்படை உரிமைகள், தாவர செல், வடகிழக்குப் பருவக்காற்று. நான் எண்ணைப் போட்டு, பாட்டின் பெயரை எழுதி, எதிரே என்ன கேட்டது என்று எழுதுவேன். முப்பிடாதி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பதினோரு நாளும் அவள் பீடி சுற்றவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம். கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் கொஞ்சம் இடைவெளி விடுவாள், படிக்கிறவள் யோசிக்க. நாலாம் நாளில் இருந்து அந்த இடைவெளியில் மோகன்ராஜ் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ராஜ்யசபா, ஆறு வருஷம்" என்பார். குரல் "ஆறு ஆண்டுகள்" என்றதும் கான்ஸ்டபிளைப் பெருமையாகப் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் முப்பிடாதியைத் திரும்பிப் பார்ப்பார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம், முன்னூற்று நாற்பதாவது. நீதிமன்றங்களைப் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பாட்டு கேட்டது. முதலில் லேசாக, பிறகு பாடத்தையே முழுங்கிவிடுகிற சத்தத்தில். மோகன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்க பாட்டு."

முப்பிடாதி ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டாள். பதிவில் அவள் குரல் எரிச்சலோடு சொன்னது: "அம்மன் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டிட்டானுவோ. இன்னைக்குப் படிச்ச மாதிரிதான்." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பாட்டு மட்டும்தான். அந்தப் பாட்டோடு சேர்ந்து அவள் இரண்டு வரி முணுமுணுத்தது கேட்டது. அதற்குப் பிறகு, "உயர் நீதிமன்றம்" என்று மறுபடி தொடங்கினாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். எழுதாமல் விடலாமா என்றுதான் என் பார்வை கேட்டது, ஒளிப்பானேன்.

"என்ன கேட்டுதோ அத எழுதுங்க. ஒண்ணு கூடவும் வேண்டாம், ஒண்ணு குறையவும் வேண்டாம்" என்றார்.

எழுதினேன். பெண் குரலில் பாடம். தூரத்தில் கோயில் கொடைத் திருவிழா ஒலிபெருக்கியில் திரைப்படப் பாடல். பெண் குரல் அதைக் குறைசொல்லுதல். இரண்டு வரி முணுமுணுத்தல். மோகன்ராஜ் நல்ல மனுஷன்தான். "நானா முடிவு பண்ண முடியாது சார், சென்னையில கேக்கணும்" என்றார். கேட்டார். மறுநாள் காலை ஈரத்தலையோடு வந்து, "எங்க பாட்டுன்னு க்ளெய்ம் பண்ணச் சொல்லுதாங்க சார்" என்றார். பத்து நாளில் எங்கள் பேச்சே அவருக்குத் தொற்றிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தார். "தாராளமா பண்ணுங்க. அனுமதி இல்லாம பாட்ட ஒலிபரப்புனது கொடைக் கமிட்டி. ரேடியோ செட்காரர் ரெண்டாவது. அவங்க பேரையும் சேத்து ஒரு புகார் எழுதிக் குடுங்க. கீழப்பாவூர்ல இந்த வாரமும் ஒரு கொடை நடக்கு. நீங்களும் நானுமா கோயில் வாசல்ல போயி நோட்டீஸ் குடுத்துட்டு வருவோம்."

மோகன்ராஜ் பேனா மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்து, "வேண்டாமாம் சார்" என்றார்.

அறிக்கை கோர்ட்டுக்குப் போனது. நானூற்று நாற்பத்தொன்றில் பாட்டு எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள், மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி வந்தது. அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் கோர்ட் அவள் பெயரை நீக்கி உத்தரவு போட எட்டு மாதம் ஆனது. அதற்குள் வெரிஃபிகேஷனில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று போய்விட்டது. நீக்கிய உத்தரவை வைத்து அவள் நடையாய் நடந்து வேலையை வாங்கியபோது, கூடத் தேர்வானவர்கள் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு தடவை வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ஆபீஸ்ல நான்தான் கடைசி சீட்டு ஏட்டையா. எனக்கு மேல இருக்கற ரெண்டு பேரு என் பாடத்தக் கேட்டுத்தான் பாஸ் பண்ணுனாங்களாம். அவங்களே சொல்லுதாங்க" என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, தகவல் மாதிரிதான் சொன்னாள்.

"நான் கேக்காம எழுதிட்டேன்மா. தப்புதான்" என்றேன். மகள் வயசுப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான்.

"தெரியும். நீங்க எழுதிக் குடுத்தத கோர்ட்ல படிச்சேன்." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, "என் கம்ப்யூட்டர் எப்ப கிடைக்கும் ஏட்டையா? அடுத்து குரூப் டூ வருது. அந்தப் பாடத்துல முக்காவாசி இதுக்கும் ஆகும்" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் கோர்ட் பொருள் அறையில் இருந்தது. ஜெயபால் அண்ணாச்சி வழக்கு முடிகிற வரைக்கும் அது அங்கேதான். வக்கீல் வைத்து மனுப் போடலாம், கம்பெனி ஆட்சேபம் சொல்லும், வாய்தா போகும், அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பதினோரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் என் கைக்குள்ளேயே ஓடியது. நகல் எடுக்க அனுமதி கேட்டு ஒரு வரி எழுதிப்போட எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

"ஹப்புல எடுத்தவங்க யார்ட்டயாவது இருக்கும்லா?" என்று கேட்டேன்.

"எல்லார்ட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். ரெய்டுன்ன உடனே அழிச்சிட்டாங்களாம்."

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி ஒன்று சொன்னாள்.

"பரவாயில்ல ஏட்டையா. ஆபீஸ் விட்டு வந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா மறுபடியும் வாசிச்சுக்கிடுதேன்."

எண்பத்தெட்டு மணி நேரப் பாடம். அது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.